முதல் தீவுப் பயணம்: அந்தமானா, மாலத்தீவா?

எங்கள் வீட்டில் ஐந்து பேர்: இன்சுலின் போட்டுக்கொள்ளும், முட்டைகூடத் தொடாத 68 வயது அம்மா, நான், என் மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன். ஐவரில் மகள் மட்டுமே குளத்தில் ஓரளவு நீந்தக் கற்றவள். ராமேசுவரத்தைத் தவிர வேறு எந்தத் தீவிலும் நாங்கள் கால் வைத்ததில்லை; அங்கும் பாலத்தின் மேல் ரயிலில் போனதால், தீவுக்குப் போகிறோம் என்ற உணர்வே யாருக்கும் வரவில்லை. வரும் பொங்கல் விடுமுறையை ஒட்டி ஆறேழு நாள் கடல் நடுவே உள்ள ஓர் இடத்துக்குப் போவது என்று முடிவான நாளிலிருந்து, அந்தமானா மாலத்தீவா என்ற பேச்சு எங்கள் தாம்பரம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மாதத்துக்கும் மேல் ஓடியது.

லட்சத்தீவையும் முதலில் எண்ணிப் பார்த்தோம். இந்தியராக இருந்தாலும் நுழைவு அனுமதி வாங்க வேண்டும், கொச்சியிலிருந்து கப்பலிலோ அகத்திக்குச் செல்லும் சிறு விமானத்திலோதான் போக முடியும், தங்கும் அறைகளும் குறைவு என்பதால், முதல் பயணத்துக்கு அது வேண்டாம் என்று ஒரே மாலையில் ஒதுக்கிவிட்டோம்.

மீதமிருந்தவற்றை மூன்று வழிகளாகப் பிரித்துக்கொண்டேன். முதலாவது அந்தமான். இரண்டாவது, மாலத்தீவில் ஒரு தீவு முழுவதும் ஒரே விடுதியாக இருக்கும் ரிசார்ட். மூன்றாவது, அதே நாட்டில் உள்ளூர் மக்கள் வாழும் மாஃபுஷி போன்ற தீவுகளில் இருக்கும் கெஸ்ட் ஹவுஸ். இவற்றை ஒப்பிட்டு எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை தண்ணீரின் நிறத்தையும் மணலின் வெண்மையையும் வைத்தே தீர்ப்புச் சொல்கின்றன. படித்துக்கொண்டே போனால், எழுதியவர்கள் தேனிலவுக்குப் போன இருவர் என்பது விளங்கிவிடும். எங்களுக்கு வேண்டியிருந்த கணக்கு வேறு. ஐவரில் மிகவும் தளர்ந்தவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பதை ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியே கேட்டுப் பார்த்தேன்.

அந்தக் கேள்வி என்னை முதலில் கொண்டுபோய் நிறுத்திய இடம் படகுத்துறை. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் வான்வழியாகச் சுமார் 1,370 கிலோமீட்டர்; இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான நேரடி விமானப் பயணம். (2024-இல் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது, பேச்சில் இன்னும் பழைய பெயர்தான் நிற்கிறது.) ஆனால் நாம் படங்களில் பார்க்கும் ராதாநகர் கடற்கரை இருப்பது போர்ட் பிளேரில் அல்ல, ஹேவ்லாக் தீவில். 2018-இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றம் பெற்ற அந்தத் தீவுக்குத் தனியார் விரைவுக் கப்பலில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். வழக்கமாக விற்கப்படும் ஐந்து இரவுத் தொகுப்பு ஒன்றைத் தாளில் எழுதி, படகில் ஏறி இறங்கும் இடங்களை எண்ணினேன். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், அங்கிருந்து எலிஃபன்ட் கடற்கரைக்குப் போக ஒன்று வர ஒன்று, ஹேவ்லாக்கிலிருந்து நீல் தீவு, நீல் தீவிலிருந்து போர்ட் பிளேர், பிறகு ராஸ் தீவு, அங்கிருந்து நார்த் பே, அங்கிருந்து கரை: மொத்தம் எட்டு முறை. ஒவ்வொரு முறையும் துறைக்கும் படகுக்கும் நடுவில், அலைக்கேற்ப அகன்று குறுகும் ஓர் இடைவெளி உண்டு. முழங்கால் வலியுள்ள ஒருவர் அந்த இடைவெளியை எட்டு முறை தாண்டுவதை மனக்கண்ணில் பார்த்தபோது, அந்தமான் மீது இருந்த ஆசை எனக்குப் பாதியாகக் குறைந்தது.

மாலத்தீவில் இந்தக் கணக்கு மிக எளியது. தலைநகர் மாலேயின் விமான நிலையம் இருப்பதே ஒரு தனித் தீவில். முனையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே படகுத்துறை. போக ஒரு படகு, வர ஒரு படகு, அவ்வளவுதான். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஸ்பீடு போட் சிறியது. அலைமேல் எகிறி எகிறி விழும்போது இடுப்புவலிக்காரர்கள் படும் பாடு பெரிது, பின்வரிசை இருக்கை ஓரளவு தேவலை. தொலைவான ரிசார்ட்டுகளுக்குச் செல்லும் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் தாமதமாகப் போய் இறங்கினால் அன்றிரவை மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ தனிச் செலவில் கழிக்க வேண்டும். சென்னைவாசிகளுக்கு இன்னொரு சிக்கல், நேரடி விமானம் எல்லாக் காலத்திலும் கிடைப்பதில்லை என்பது. கொச்சி, திருவனந்தபுரம், பெங்களூரு, கொழும்பு என ஏதாவது ஓர் ஊரில் மாற வேண்டியிருக்கும். திருவனந்தபுரத்திலிருந்து மாலே 610 கிலோமீட்டர்தான். நாகர்கோவில்காரர்களுக்குச் சென்னையைவிட மாலே பக்கம்.

ஆவணங்களைப் பொறுத்தவரை அந்தமானுக்கு ஆதார் அட்டையும் குழந்தைகளின் அடையாளச் சான்றும் போதும். மாலத்தீவுக்குச் செல்லும் இந்தியச் சுற்றுலாப் பயணிகள் முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை என்றாலும், நான்கு வயதுப் பிள்ளைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். எங்கள் வீட்டில் அது இருந்தது எனக்கும் மனைவிக்கும் மட்டுமே. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் இணையவழிப் பயண அறிவிப்பையும் நிரப்ப வேண்டும். இவை எல்லாம் செய்துவிடக்கூடிய வேலைகள்தாம். நான் எதிர்பாராதது வேறொன்று. அம்மாவின் கைப்பையில் எப்போதும் விரலளவு பிள்ளையார் ஒன்று இருக்கும். வழிபாட்டுக்கான சிலைகளை நாட்டுக்குள் கொண்டுவருவதை மாலத்தீவுச் சுங்கத்துறை தடை செய்திருக்கிறது. மது, பன்றி இறைச்சி ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன. அது அந்த நாட்டின் சட்டம், அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் விமான நிலையத்தில் அம்மாவிடமிருந்து அந்தப் பிள்ளையாரை வாங்கி வைத்துக்கொள்ளும் காட்சியை நான் பார்க்க விரும்பவில்லை. திரும்பி வரும்போது எச்சரிக்கை வேண்டிய இடம் பிள்ளைகளின் சட்டைப்பை. பவளப் பாறையும் பலவகைச் சங்கு சிப்பிகளும் நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், அந்தமான் கடற்கரையில் பொறுக்கிய ஒரு துண்டு விமான நிலையச் சோதனையில் வம்பாகிவிடும்.

பணக் கணக்கில் மாலத்தீவு ரிசார்ட்டுகளின் விலைப்பட்டியலைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். வரி சேர்க்காமல் ஓர் இரவுக்கு 300 டாலர் என்று ஓர் அறையைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 330. அதன்மேல், 2025 ஜூலை முதல் 17 சதவீதமாக உயர்ந்திருக்கும் சுற்றுலாச் சரக்கு சேவை வரியைப் போட்டால் 386 டாலர் 10 சென்ட். பசுமை வரி தனி: ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே விலக்கு. ஐவருக்கு 60 டாலரைச் சேர்த்தால், 300 என்று பார்த்தது 446 டாலராக நிற்கும். படகுக் கட்டணமும் சாப்பாடும் அதற்கு வெளியே. எங்களுக்கு ஓர் அறை போதாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உள்ளூர்த் தீவுகளில் உள்ள சிறு கெஸ்ட் ஹவுஸ்களில் பசுமை வரி 6 டாலர்தான், அறை வாடகையும் பல மடங்கு குறைவு. செலவை மட்டும் பார்த்தால் மூன்றாவது வழி அந்தமானுக்கு அருகில் வந்துவிடுகிறது. ஆனால் அங்கே குளிக்கும் உடையில் இருப்பதற்குத் தனிக் கடற்கரை ஒதுக்கப்பட்டிருக்கும், மற்ற இடங்களில் உடலை மூடிய உடை வேண்டும், வெள்ளிக்கிழமைகளில் பொதுப் படகு ஓடாது. சேலையிலும் சுடிதாரிலும் கடலில் கால் நனைத்துப் பழகிய எங்கள் குடும்பத்துக்கு உடை விதி ஒரு பொருட்டே அல்ல. நீச்சல் உடை அணிய விரும்புகிறவர்களுக்குப் பொருட்டாகலாம்.

கடலைப் பற்றிய அச்சம் இரண்டு இடங்களிலும் இரண்டு விதம். மாலத்தீவில் பெரும்பாலான தீவுகளைப் பவளத்திட்டு வளைத்திருப்பதால் கரையோரத் தண்ணீர் ஆழமின்றி, அலையின்றி இருக்கும். மெரினாவின் இழுப்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது கடல்தானா என்றே ஐயம் வரும். அந்த நம்பிக்கையில் திட்டின் விளிம்பைத் தாண்டிப் போனால் அங்கே நீரோட்டம் கடுமையானது. தண்ணீரின் மேல் கட்டிய அறைகளில் படியிறங்கினால் நேரே கடல் என்பதால், நான்கு வயதுப் பையனோடு அங்கே தங்குவதை நினைக்கவே எனக்குத் துணிவில்லை. பல ரிசார்ட்டுகள் சிறு குழந்தைகளுக்கு அந்த அறைகளைத் தருவதே இல்லை. அந்தமானில் அலைகளோடு உவர்நீர் முதலைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2010-இல் ஹேவ்லாக்கில் நீரடியில் பவளம் பார்க்கப் போன ஒரு வெளிநாட்டுப் பயணியை முதலை கொன்றது. அப்படி நிகழ்வது அரிது; ஆனாலும் கழிமுகம், அலையாத்திக் காடு ஆகியவற்றுக்கு அருகிலும், பொழுது சாய்ந்த பிறகும் தண்ணீரில் இறங்குவதில்லை என்பதும், எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் உள்ளூர்க்காரர் சொல்வதைத் தட்டாமல் கேட்பதும் எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டன. எங்கே போனாலும் பையனின் அளவுக்கான மிதவைச் சட்டையைச் சென்னையிலேயே வாங்கிக் கொண்டுபோவது என்றும் தீர்மானித்தோம். படகில் தரப்படுபவை பெரியவர்களின் அளவில் இருந்தால், குழந்தை தண்ணீரில் விழும்போது சட்டை மேலே நிற்கும், குழந்தை கீழே நழுவும்.

என் மனத்தை அதிகம் அரித்தது மருத்துவம். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். விமானத்தின் சரக்கறையில் உறைந்துவிட்டால் பிறகு அது உதவாது. மருந்துச் சீட்டின் நகல், குளிர்ப்பை, தங்கும் அறையில் குளிர்பெட்டி உண்டா என்ற விசாரிப்பு ஆகியவை எந்தத் தீவுக்கும் பொது. எளிதில் மறந்துபோகிற ஒன்று, பாதம். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். உடைந்த பவளத் துண்டு கிழித்தாலும், நண்பகல் மணல் சுட்டாலும் உடனே தெரியாது. வெறுங்காலோடு மணலில் நடப்பதுதான் தீவுப் பயணத்தின் முதல் இன்பம் என்பார்கள். அம்மாவுக்கு அதை மறுத்து, தண்ணீரிலும் போட்டுக்கொள்ளக்கூடிய மூடிய ரப்பர்ச் செருப்பு வாங்கியிருக்கிறேன். இரவில் பாதத்தைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு மகளுக்கு.

அவசரம் என்று வந்தால் எங்கே ஓடுவது? போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனை இருக்கிறது, நாம் வைத்திருக்கும் மருத்துவக் காப்பீடு உள்நாட்டில் செல்லும், மருத்துவரிடம் நோயைச் சொல்ல இந்தியோ ஆங்கிலமோ தமிழோ உதவும். ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. அதற்கு மேற்பட்டது வேண்டுமானால் கடலைத் தாண்டியாக வேண்டும். மாலத்தீவிலும் இதே அடுக்குதான்: மக்கள் வாழும் தீவுகளில் சுகாதார மையம், பெரிய சிகிச்சைக்கு மாலேயில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை. வேறுபாடு செலவில் வருகிறது. 68 வயதான சர்க்கரை நோயாளிக்கு வெளிநாட்டுப் பயணக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோயை மறைக்காமல் எழுதி, அந்த நோயால் வரும் அவசரத்துக்கும் பணம் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மாலத்தீவுக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அதை மலேரியா இல்லாத நாடு என்று சான்றளித்தது. அந்தமானில் கொசுவோடு மணல் ஈக்கடியும் உண்டு. அந்த அரிப்பு ஊர் திரும்பிய பிறகும் விடாது.

படகுக் குமட்டலுக்குத் தரும் மாத்திரைகளில் பரவலான புரோமெதசின் வகையை இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது. மற்றவர்களுக்கும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஹேவ்லாக் செல்லும் பெரிய கப்பல்களில் பல கதவடைத்துக் குளிரூட்டியவை, அவற்றில் காற்றுக்காக வெளியே வந்து நிற்க முடியாது என்பதால், காலையில் வயிறு முட்டச் சாப்பிடாமல் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. போர்ட் பிளேரில் தமிழர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள், சைவச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ஊருக்குள் வெற்றிமலை முருகன் கோயிலும் இருக்கிறது. மாலத்தீவு மீனில் வாழும் நாடு. இலங்கைத் தமிழர் சம்பலில் இடித்துப் போடும் மாசி அங்கிருந்து வந்த பண்டம்தான். காலை உணவான மாஸ் ஹுனியில்கூடத் தேங்காய்த் துருவலோடு சூரை மீன் கலந்திருக்கும். அங்கே சைவம் கிடைக்காது என்பதில்லை, ஒவ்வொரு வேளையும் கேட்டு விளக்கி வாங்க வேண்டும். காய்கறி இறக்குமதிச் சரக்கு என்பதால் விலையும் அதிகம்.

பருவத்தில் அந்தமானுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை மே மாதத்தின் மூன்றாவது வாரத்தில் முதலில் தொடுவதே அந்தப் பக்கத்தைத்தான்; அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலின் புயல் காலம். 2016 டிசம்பரில், பின்னர் வர்தா என்று சென்னையைத் தாக்கிய புயலின் தொடக்க நாட்களில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் சிக்கிக்கொள்ள, கடற்படை போய் அவர்களை மீட்டது. மாலத்தீவு நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் புயல் நேரடியாகத் தாக்குவது அரிது. மே முதல் அக்டோபர் வரை மழையும் கொந்தளிப்பும் இருக்கும். அரையாண்டு விடுமுறையைத் தவிர்த்து ஜனவரி நடுப்பகுதியைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம். ஜனவரியிலும்கூட ஒரு விதி மாறாது: விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில்தான் இருக்க வேண்டும். காலையில் ஹேவ்லாக்கிலிருந்து கப்பல், மதியம் விமானம் என்று போட்டுத் தரும் திட்டத்தை எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஏற்கக் கூடாது. இன்னொன்று, அந்தமானிலும் இந்திய நேரமே என்பதால் ஜனவரியில் மாலை ஐந்தேகாலுக்குச் சூரியன் மறைந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு எழுந்து சாவகாசமாகக் கிளம்பும் குடும்பத்துக்குப் பாதி நாள் போய்விடும்.

இவ்வளவையும் அடுக்கிய பிறகும் முடிவைத் தீர்மானித்தது, நீந்தத் தெரியாத நால்வர் பகல் முழுவதும் என்ன செய்வார்கள் என்ற கேள்வி. பத்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய ரிசார்ட் தீவில், இரண்டாம் நாள் காலையே அம்மா ஊருக்குப் போன் போட ஆரம்பித்துவிடுவார். போர்ட் பிளேரில் 1906-இல் கட்டி முடித்த செல்லுலார் சிறை இருக்கிறது. 693 தனிக் கொட்டடிகள் கொண்டிருந்த ஏழு சிறகுகளில் மூன்று இன்னும் நிற்கின்றன. பள்ளிப் பாடத்தில் படித்ததை மகள் அங்கே பார்ப்பாள், அம்மாவுக்கு உட்கார்ந்து பார்க்க மாலை ஒளி ஒலிக் காட்சி உண்டு.

என் மனைவி கடைசி வரை மாலத்தீவுப் பக்கம் நின்றாள், அவள் காரணம் அசட்டை செய்யக்கூடியதாக இல்லை. "அந்தமான்ல மூணு தடவை பெட்டி கட்டிப் பிரிக்கப்போறது யாருங்க? அது உங்களுக்கு லீவு, எனக்கு இல்ல" என்றாள். ஒரே அறை, ஒரே கட்டில், சமைக்கவும் திட்டமிடவும் தேவையில்லாத நான்கு நாள் என்ற வகையில் ரிசார்ட்டுக்கு ஈடு கிடையாது. முதியவர் உடன் வராத, கையில் பாஸ்போர்ட் உள்ள, நான்கே நாள் விடுப்புக் கிடைத்த தம்பதியருக்கு நானும் அதையே சொல்வேன். செலவைச் சுருக்க விரும்பினால் மாஃபுஷியைச் சொல்வேன்.

அவள் சொன்னது அந்தமான் திட்டத்தையே திருத்தி எழுத வைத்தது. நீல் தீவை வெட்டினோம். எலிஃபன்ட் கடற்கரையை வெட்டினோம். நார்த் பேயை வெட்டினோம். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டி வரிசையில் காத்திருந்து, ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டைக் கடந்து போகும் பாராடாங் தீவுப் பயணத்தையும் வெட்டினோம். ஒரு மக்கள் கூட்டம் வாழும் காட்டின் நடுவே சுற்றுலா வண்டியில் போவது எனக்கு அறவே பிடிக்கவில்லை என்பதும் ஒரு காரணம். மிஞ்சியது: போர்ட் பிளேரில் இரண்டு இரவு, ஹேவ்லாக்கில் மூன்று இரவு, மீண்டும் போர்ட் பிளேரில் ஓர் இரவு. எட்டாக இருந்த படகு ஏற்றம் இரண்டாகிவிட்டது, மாலத்தீவுக்குச் சமம். ராஸ் தீவு பத்துப் பதினைந்து நிமிடப் படகுதான் என்பதால், அம்மாவின் முழங்காலைப் பார்த்து அங்கே போன பிறகு முடிவு செய்யலாம் என்று விட்டிருக்கிறோம்.

போர்ட் பிளேரில் முன்னும் பின்னும் ஒரே விடுதி. பெரிய பெட்டி அங்கேயே காத்திருக்கும், ஹேவ்லாக்குக்கு ஆளுக்கொரு தோள்பை மட்டும். அந்தப் பைகளைக் கட்டுவதும் பிரிப்பதும் என் வேலை என்று ஒப்புக்கொண்ட பிறகே மனைவி தலையசைத்தாள். விமானச் சீட்டு வாங்கியாகிவிட்டது. கப்பல் சீட்டில் காலை நேரப் புறப்பாடும், நடுப்பகுதியில் ஐந்து அடுத்தடுத்த இருக்கைகளும் கிடைத்தால்தான் ஹேவ்லாக் விடுதிக்கு முன்பணம் கட்டுவேன்.